மல்லாந்து நீந்தும் இறால்களைத் தேடி மத்திகிரிக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு ஓசூர் வண்டி சேலம் புதிய பேருந்து நிலையத்தை விட்டு நகர்ந்தது. முந்தின நாளே கும்பகோணத்திலிருந்து கிளம்பி வந்து தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். மடியில் அவள் கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம். தோள்பையில் கேமரா, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று, டீ வடிகட்டி ஒன்று. ஓசூருக்கு ஏறத்தாழ நூற்று அறுபது கிலோமீட்டர். டிக்கெட் நூற்று நாற்பத்தைந்து ரூபாய். நடத்துநர் பையிலிருந்து எட்டிப் பார்த்த வடிகட்டியைக் கவனித்துவிட்டு, “ஓசூர்ல டீக்கடை போடப் போறீங்களா மேடம்?” என்றார்.

“இல்லைங்க. ஒருத்தங்களப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்.”

“அதுக்கா இம்மாந்தூரம்? போன்ல கேட்டா ஆவாதா?”

“எழுதிக் கேட்டாச்சு. நேர்ல வரச் சொல்லியிருக்காங்க.”

“அப்ப போய்த்தான் ஆவணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

விஷயம் இதுதான். நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். குளம், ஓடை, வாய்க்கால்களில் வாழும் சின்ன உயிர்களை, அதாவது நத்தை, நீர்வண்டு, தட்டான் பூச்சியின் தண்ணீர்ப் பருவம் போன்றவற்றைப் படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்து ஒரு பொது இணையதளத்தில் போடுகிறவர்களில் ஒருத்தி. அங்கே யார் வேண்டுமானாலும் படம் போடலாம். விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். இரண்டு மூன்று பேர் ஒத்துக்கொண்டால் அது பதிவாகி, ஆய்வு செய்கிறவர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள். சில வருஷங்களாக, தமிழ்நாட்டுத் தண்ணீர்ப் பூச்சி என்றால் என்னைக் கேட்பது என்று ஆகியிருந்தது. அந்த நினைப்பு என் தலைக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது.

ஓசூரை அடுத்த மத்திகிரியிலிருந்து நாகவேணி என்பவர் படம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் செல்போன் படங்கள். ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கும். போன வருஷம் மே மாதம் அவர் போட்ட படத்தில், வெள்ளைக் கிண்ணத்துக்குள், கண்ணாடி போன்ற உடம்போடு இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் இறால். காலெல்லாம் மேலே பார்க்க, மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தது. வளர்ப்பு மீன்களுக்குத் தீனியாகக் கடையில் விற்கும் உப்புநீர் இறால் அப்படித்தான் இருக்கும். நான் யோசிக்கவேயில்லை. ‘வளர்ப்பு உயிரி, இயற்கையில் எடுத்ததல்ல’ என்று குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அப்படிக் குறித்தால் அந்தப் பதிவை ஆய்வுக்கு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே அவர் எழுதினார்: “மேடம், இது கடையில வாங்கினது இல்ல. எங்க வீட்டாண்ட லேஅவுட்ல மழைத்தண்ணிக் குட்டையில புடிச்சது.” மீன் தொட்டி வைத்திருக்கிற யாராவது கொட்டியிருப்பார்கள் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். உப்புநீர் இறால் மழைத்தண்ணீரில் பிழைத்துக் கிடக்காது என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நாகவேணியிடமிருந்து படமே வரவில்லை. வராததை நான் கவனிக்கவும் இல்லை.

கார்த்திகை மாதம் புதுக்கோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி, மாட்டுக் குளம்படியில் தேங்கிய தண்ணீரில் அதே இறாலைப் படம் எடுத்துப் போட்டாள். அன்று இரவே புத்தகங்களைப் புரட்டினேன். ஃபேரி ஷ்ரிம்ப் என்று ஆங்கிலத்தில் பெயர். தமிழில் பெயர் வைத்தவர்கள் இருப்பதாகத் தெரியவில்லை. மழைக்குட்டையை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது. முட்டைகள் காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மழை விழுந்ததும் பொரித்து, இரண்டு வாரத்துக்குள் வளர்ந்து, முட்டையிட்டு, குட்டை வற்றும்போது செத்துப்போகும். என் குறிப்பை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஆறு மாதமாகப் பதில் இல்லை. மூன்று நாளைக்கு முன்புதான் வந்தது. “மழை பெஞ்சி பத்து நாள் ஆச்சு. மறுபடியும் வந்திருக்குது. இன்னும் நாலஞ்சு நாள்தான் தண்ணி நிக்கும். வந்து பாருங்க.”

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தன. தருமபுரியில் இட்லியைச் சாப்பிட்டேன். எட்டரைக்குக் கிருஷ்ணகிரி. மாம்பழக் காலம்; பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டிகளில் செந்தூரா குவிந்து கிடந்தது. கிலோ அறுபது என்று ஜன்னல் வழியாகவே இரண்டு கிலோ வாங்கினேன். சூளகிரி தாண்டியதும் காற்று மாறியது. மே மாதத்தில் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்ததை நான் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாறைக் குன்றுகள் முடிந்த இடத்தில் தொழிற்சாலைச் சுவர்கள் தொடங்கின. சுவர்களுக்கு நடுவே ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கும் நெகிழித் தாள் கொட்டகைகள்.

ஒன்பதே முக்காலுக்கு ஓசூர். அங்கிருந்து மத்திகிரிக்கு நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. முன்னால் இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் ஆரம்பித்த பேச்சைக் கன்னடத்தில் தொடர்ந்து, இறங்கும்போது நடத்துநரிடம் தமிழில் சண்டை போட்டார்கள். கால்நடைப் பண்ணையின் நீண்ட வேலி கடந்துபோயிற்று. பத்தேகாலுக்கு நான் இறங்கிய நிறுத்தத்தில், நீலச் சீருடைச் சட்டையும் சுடிதார் பேண்ட்டுமாக ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையைக் கெட்டியாகப் பின்னியிருந்தார்.

“கும்பகோணம் மேடமா? எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு. ஒன்னேகாலுக்கு வேன் வந்துரும். அதுக்குள்ள பாத்துரலாம். மொதல்ல சாப்பிடுங்க.”

சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னது எடுபடவில்லை. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஆறு வாடகை வீடுகளில் மூன்றாவது அவருடையது. இரவெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த கணவர் சிவராஜ் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் பரிமாறினார் நாகவேணி. சொந்த ஊர் நாகரசம்பட்டி. அப்பாவும் அம்மாவும் பாரூர் ஏரிக் கால்வாய் பாயும் வயல்களில் கூலி வேலைக்குப் போனவர்கள். கரையில் உட்காரவைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். இப்போது தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவு. விரல் நுனியில் நிற்கிற இரும்புத் துண்டுகளை உருப்பெருக்கி விளக்கின் அடியில் வைத்துக் கீறல் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை.

களியை விழுங்கியபடியே, கொண்டுவந்த வார்த்தைகளைச் சொன்னேன். பார்க்காமலே முடிவு கட்டிவிட்டேன், தப்பு என்னுடையது, மனசு கஷ்டப்பட்டிருக்கும் என்றெல்லாம். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கஷ்டம்னு இல்லைங்க மேடம். எங்க லைன்ல ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணா, எதுக்குன்னு எழுதணும். எந்த எடத்துல, எத்தன மில்லிமீட்டர்னு. சும்மா தூக்கி அந்தப் பக்கம் போட முடியாது. அந்தத் துண்டு இரும்புக்கே அம்புட்டு மரியாத இருக்குது. நீங்க ஒன்னுமே எழுதல.”

சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி கடைசல் ஊற்றினார்.

பதினொன்றுக்குப் புறப்பட்டோம். அவருடைய கருவிகள் எல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கின. செல்போனில் கவ்வவைக்கும் சின்ன லென்ஸ், தயிர் டப்பா, அதன் வெள்ளை மூடி, எஃகு அளவுகோல். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் மனைப் பிரிவு. எண் எழுதிய கற்கள், நடுவில் தார் போடாத செம்மண் தெரு. வழியெல்லாம் குட்டையின் குணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். டீத்தண்ணி நிறம், முழங்கால் ஆழம்கூட இருக்காது, காலையில் வெயில் ஏறியதும் இறால்கள் மேலே வரும்.

திருப்பத்தில் நின்றுவிட்டார்.

குட்டை இருந்த இடத்தில் செம்மண் மேடாகக் கிடந்தது. ஈரம் காயாத மண். டிப்பர் லாரி கொட்டிவிட்டுப் போன தடம் பளிச்சென்று தெரிந்தது. மேட்டின் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்து நின்றது. நாகவேணி ஒரு மண்கட்டியை எடுத்து, உடைத்து, கீழே போட்டார்.

“நேத்து ஷிஃப்ட்டுக்குப் போறப்பகூட பாத்துட்டுத்தான் போனேன். இருந்துச்சுங்க.”

“நீங்க சொன்னாப் போதும். நான் நம்பறேன்.”

“நம்பறதுக்கா உங்கள அம்மாந்தூரத்துல இருந்து வரச் சொன்னேன்? பாக்கறதுக்குத்தான வரச் சொன்னேன்.”

குரல் உயரவில்லை. ஆனால் முகம் சிறுத்துப்போயிருந்தது. வேறு குட்டைகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இரண்டு இடம் தெரியும் என்று வேகமாக நடந்தார்.

முதலாவது, எருமைகள் படுக்கும் பெரிய குட்டை. வடிகட்டியை விட்டதுமே மீன்குஞ்சுகள் வந்தன. மீன் இருக்கிற இடத்தில் இந்த இறால் மிஞ்சாது. ஆனாலும் சும்மா போகவில்லை. முதுகு நிறைய முட்டைகளைச் சுமந்த ஆண் நீர்ப்பூச்சி ஒன்று கிடைத்தது. பெண் பூச்சி முட்டைகளை அதன் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிக்கும் வரை தகப்பன் சுமக்க வேண்டும். நாகவேணி மூடியில் விட்டு, முட்டைகளை எண்ணி, அளவுகோலை ஓரத்தில் வைத்துப் படம் எடுத்தார். நான் இரண்டு படம் எடுப்பதற்குள் அவர் ஏழு எடுத்திருந்தார், மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும். இரண்டாவது இடம், பாறைக் குழி. அதில் கொசுப்புழுவைத் தவிர ஒன்றுமில்லை. திரும்பி மனைப் பிரிவுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

அப்போது எதிரே டிப்பர் வந்தது, அடுத்த நடை மண்ணோடு. ஒதுங்குவதற்காகத் தெருவோரம் கால் வைத்தேன். பழைய பொக்லைன் தடம் ஒன்றில் கணுக்கால் வரை இறங்கிவிட்டது. நாலு அடி நீளம், ஓர் அடி அகலத்தில் கலங்கல் தண்ணீர். செருப்போடு காலை உருவப் போனேன்.

“அசையாதீங்க அக்கா.”

மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அக்கா என்றது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் தரையோடு தரையாகக் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். கலங்கல் மெல்லத் தெளிந்தது. என் கணுக்காலைச் சுற்றி, செம்பு நிற வால் நுனிகள் மட்டும் முதலில் தெரிந்தன. பிறகு உடம்பு. பிறகு காம்பு வைத்த கருப்புக் கண்கள். இருபது முப்பது இருக்கும். எல்லாம் மல்லாந்து, மேலே தூக்கிய கால்களை அலை அலையாக அசைத்துக்கொண்டு, எங்கேயும் போகிற அவசரம் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்று என் பெருவிரலை மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு நெடுநாளாக வந்ததில்லை.

“பெரிய மழைல குட்ட ரொம்பி இதுக்குள்ளயும் பாய்ஞ்சிருக்குது,” என்றார் நாகவேணி. “தெனம் இத தாண்டித்தான் போறேன். குனிஞ்சு பாக்கல.”

டிப்பர் பின்பக்கமாக வரத் தொடங்கியிருந்தது. மண்ணைக் கொட்டத் திரும்பினால் பின்சக்கரம் நேராக இந்தத் தடத்தில்தான் ஏறும். நாகவேணி எழுந்து கையைக் காட்டினார். “அண்ணா, ஸ்வல்ப நில்லி” என்று கன்னடத்தில் நிற்கச் சொன்னார். ஓட்டுநர் தலையை நீட்டினார். நாற்பது வயதுக்காரர், கழுத்தில் துண்டு. என்ன விஷயம் என்று கன்னடத்திலேயே கேட்டவர், நான் முழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

“காணாமப் போச்சா எதுனா? மோதிரமா?”

“எறங்கி வந்து பாருங்கண்ணா,” என்றார் நாகவேணி.

அவர் இஞ்சினை அணைத்துவிட்டு வந்து குந்தி உட்கார்ந்தார். நாகவேணி தயிர் மூடியில் அள்ளிக் காட்டிய இறாலை வெகுநேரம் பார்த்தார்.

“செத்துப்போச்சா? தலகீழா கெடக்குது.”

“அது அப்படித்தான் நீந்தும்,” என்றார் நாகவேணி.

“கடிக்குமா?”

“கடிக்காது. மழைக்கு வரும், தண்ணி வத்தினாப் போயிரும். முட்ட மட்டும் மண்ணுல கெடக்கும்.”

“இத்தன நாளா இதுமேலயா வண்டி ஓட்டினேன்?” என்று தனக்குள் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு எழுந்தார். “இன்னிக்கு அந்தப் பக்கமா ரிவர்ஸ் எடுத்துக்கறேன். நாளைக்கு என் கையில இல்ல அக்கா. இந்த மனை முழுக்க ரொப்பச் சொல்லியிருக்காங்க.”

நாகவேணி சுற்றிலும் பார்த்தார். கம்பி வேலி போட்டு, பூங்காவுக்கு என்று எழுதிய பலகையோடு ஒரு துண்டு நிலம் கிழக்கே இருந்தது. அதன் மூலையில் பள்ளம்.

“அங்க கொட்டுவீங்களாண்ணா?”

“அது பார்க்குக்கு விட்ட எடம். அங்க எனக்கு ஆர்டர் கெடையாது.”

முதலில் படம். நாகவேணி எடுத்தார்; நான் மூடியை நிழலில் பிடித்துக்கொண்டேன். ஆண் ஒன்று. முட்டைப்பை தொங்கும் பெண் ஒன்று. தடம், தெரு, பின்னால் மண்மேடு, லாரியின் சக்கரம், எல்லாம் தெரியும்படி இடத்தின் படங்கள் நாலு. “யாரும் தொட்டியில புடிச்சதுன்னு சொல்லாம இருக்கட்டும்,” என்றார், சிரிக்காமல். நான்தான் சிரித்தேன், அதைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் விஞ்ஞான முறைப்படி என்று சொல்ல மாட்டேன். ஓட்டுநர் கேபினிலிருந்து மண்வெட்டியையும் இரண்டு சிமென்ட் சாக்கையும் எடுத்துவந்தார். தடத்தின் ஒரு பாதியைத் தொடாமல் விட்டுவிட்டு, மறுபாதித் தண்ணீரை என் தட்டிலும் டப்பாவிலும் அள்ளினோம். அடிமண்ணை மேலாக வழித்துச் சாக்கில் போட்டோம்; முட்டைகள் அதில்தான் இருக்கும். பூங்காப் பள்ளத்தில் முந்திய மழையின் தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அதில் மீன் இல்லை என்று மூன்று முறை வடிகட்டி விட்டுப் பார்த்த பிறகே நாகவேணி இறால்களை இறக்கினார். ஓட்டுநர் சாக்கை அவிழ்த்து மண்ணைப் பரப்பினார். பிழைக்குமா என்று அவர் கேட்டார். அடுத்த வருஷ மழைக்குத்தான் தெரியும் என்றேன். அவர் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு, துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டு, மண்ணை மறுபக்கம் கொட்டிவிட்டுப் போனார்.

ஒன்று ஐந்துக்கு நாகவேணி தெருக் குழாயில் கைகால் கழுவினார். சீருடைச் சட்டையின் முழங்கையில் சேறு. ஈரக்கையால் தேய்த்தார், போகவில்லை.

“கேப்பாங்களா?” என்றேன்.

“கேட்டா சொல்லிக்கலாம். நீங்க சிவராஜ எழுப்பி ஆட்டோல போயிருங்க. மாம்பழத்த அவருகிட்டயே குடுங்க.” வேன் ஹாரன் கேட்டது. இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். “பேரு எப்ப போடுவீங்க அக்கா?”

“சாயங்காலம். காரணத்தோட எழுதறேன்.”

தலையாட்டிவிட்டு ஓடி வேனில் ஏறினார். உள்ளே யாரோ அவர் முழங்கையைக் காட்டி ஏதோ கேட்க, அவர் செல்போனை எடுத்துக் காட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் கொண்டுவந்து விட்ட சிவராஜ், வழியில் ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். “ஒரு வருசமா நாகவேணி எடுத்த போட்டோ எல்லாம் அப்படியே போன்ல வெச்சிருக்குது மேடம். போடவும் மாட்டேங்குது, அழிக்கவும் மாட்டேங்குது. மெமரி ஃபுல்லாகி போன் நின்னு நின்னு போவுது. இனிமே போடுமா?”

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

இரண்டரை மணி வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. எங்கள் ஊரில் தண்ணீருக்கென்று இடம் உண்டு. ஆறு, வாய்க்கால், படித்துறை வைத்த குளம். தண்ணீர்ப் பூச்சி பார்க்க வேண்டுமென்றால் அங்கே போவோம்; போனால் இருக்கும். தண்ணீர் எப்போதும் இருக்கிற இடத்தில் வளர்ந்ததால், பன்னிரண்டு நாள் தண்ணீரை நம்பி ஓர் உயிர் பிறக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். இங்கே சதுர அடிக்கு விலை போட்ட மண்ணில் தண்ணீர் கிடைத்த பள்ளத்தில் நிற்கிறது. அதையும் ஒருத்தி ஷிஃப்ட்டுக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். கும்பகோணத்தில் மழை பெய்தால் நான் தெருவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளங்களைத் தாண்டிப் போகிறவள்.

தருமபுரி தாண்டியபோது மணி ஐந்தரை. தொழிற்சாலையில் டீ நேரம் போலிருக்கிறது, செல்போன் அதிர்ந்தது. இறால் படங்கள் வந்திருந்தன. பெயரையும், அந்தப் பெயரை ஏன் சொல்கிறேன் என்பதையும், உப்புநீர் இறாலிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதையும் எழுதினேன். பத்து வரி ஆயிற்று. அனுப்பி முடிப்பதற்குள் மறுபடி அதிர்ந்தது. நத்தை ஒன்று. பிறகு காலையில் பார்த்த முட்டை சுமக்கும் பூச்சி. பிறகு போன ஆடியில் எடுத்த தட்டானின் தண்ணீர்ப் பருவம், ஐப்பசியில் எடுத்த அட்டை, பாரூர்க் கால்வாய்க் கல்லில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று. தொப்பூர் இறக்கத்தில் சிக்னல் போய்ப் போய் வந்தது. வரும்போதெல்லாம் நாலைந்தாகச் சேர்ந்து வந்தது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதற்கும் உடனே பெயர் போடவில்லை.

கடைசியாக வந்தது அந்தக் கல்லின் இன்னொரு படம். பச்சையாக, விரல் தடிமனில், சின்னச் சின்னத் துளைகளோடு. கீழே எழுதியிருந்தார்: “தொட்டா கை அரிக்குது. பாசின்னு ஊர்ல சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. நீங்க என்ன நெனைக்கறீங்க?”

வெகுநேரம் பார்த்தேன். பிறகு எழுதினேன்: “எனக்கும் தெரியல நாகவேணி. அந்தக் கல்ல நேர்ல பாக்கணும். உங்களுக்கு எப்ப லீவு?”